நாய்க்குக் காப்பீடு எடுக்கலாமா?

நாய்க்குக் காப்பீடு என்ற நினைப்பு நம்மில் பலருக்கும் மருத்துவமனையில் பில் கைக்கு வரும்போதுதான் வருகிறது. அந்த நேரத்தில் எடுக்கும் பாலிசி அந்த நோய்க்கு ஒரு ரூபாய்கூடத் தராது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்களுக்கு விலக்கு உண்டு. எடுத்த பிறகும் காத்திருப்புக் காலம் என்று சில நாட்களோ வாரங்களோ கழிய வேண்டும். ஆகவே நாய் நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே, வீட்டில் உட்கார்ந்து நிதானமாக இதை முடிவு செய்ய வேண்டும். குட்டி வீட்டுக்கு வந்து முதல் சுற்றுத் தடுப்பூசிகள் முடிகிற மூன்று, நான்கு மாத வயது இதற்குச் சரியான நேரம்.

முடிவுக்கான விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் குடும்பத்தால் ஒரே நாளில் புரட்ட முடியாத பெரிய செலவுக்கு மட்டும் காப்பீடு எடுங்கள். புரட்டக்கூடிய சிறு செலவுகளுக்கு மாதாமாதம் தனியே பணம் சேருங்கள். எது பெரிய செலவு, எது சிறியது, பாலிசி உண்மையில் எதற்குப் பணம் தரும் என்பதை உங்கள் ஊரையும் உங்கள் நாயையும் வைத்துக் கண்டுபிடிக்க இந்த அத்தியாயம் உதவும்.

இங்கே கிடைக்கும் பாலிசிகள்

நம் கிராமங்களில் மாட்டுக் காப்பீடு பழக்கமான ஒன்று. கடனில் வாங்கிய கறவை மாட்டின் காதில் வில்லை மாட்டுவார்கள். மாடு இறந்தால் அந்த வில்லையைக் காட்டித்தான் இழப்பீடு கேட்க முடியும். அரசுத் துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் நெடுங்காலமாக வைத்திருந்த நாய்க் காப்பீடும் இதே வழியில் வந்தது. நாய் நோயாலோ விபத்தாலோ இறந்தால் அதன் மதிப்பைத் தருவது அதன் முதன்மையான வேலை. நல்ல விலை கொடுத்து வாங்கிய கண்காட்சி நாயோ இனவிருத்தி நாயோ வைத்திருப்பவருக்கு அதில் பயன் இருக்கிறது. வீட்டில் பிள்ளைபோல் வளரும் நாய்க்கு நாம் தேடுவது சிகிச்சைக்கான பணம். இறந்த பிறகு வரும் தொகை அந்தத் தேவையைத் தீர்க்காது.

சிகிச்சைச் செலவை ஏற்கும் பாலிசிகள் இந்தியாவில் புதியவை. 2020இல் பஜாஜ் அலையன்ஸ் நாய்களுக்கான திட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஃபியூச்சர் ஜெனரலி வந்தது. பிறகு வேறு சில தனியார் நிறுவனங்களும் இறங்கின. இந்தத் திட்டங்கள் பொதுவாகத் துண்டு துண்டாக வரும். ஓர் அடிப்படைப் பகுதியை எடுத்துக்கொண்டு, வேண்டியவற்றைக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கலாம். பகுதிகள் இவை:

• அறுவை சிகிச்சை மற்றும் உள்நோயாளிச் செலவு. பெரும்பாலும் இதுவே அடிப்படை.
• புறநோயாளிச் செலவு. மருத்துவரைப் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை, மருந்து ஆகியவை இதில் வரும். உச்சவரம்பு சிறியதாக இருக்கும்.
• புற்றுநோய் போன்ற பட்டியலிட்ட கொடிய நோய்கள்.
• நீண்டகாலப் பராமரிப்பு.
• இறப்புக்கான தொகை.
• நாய் திருடுபோனாலோ காணாமற்போனாலோ தரும் தொகை.
• மூன்றாம் நபர் பொறுப்பு. உங்கள் நாய் பிறரைக் கடித்தாலோ பிறர் பொருளைச் சேதப்படுத்தினாலோ நீங்கள் சட்டப்படி தரவேண்டிய இழப்பீட்டை இது ஏற்கும்.

ஒரே நிறுவனத்தில் இரண்டு பேர் எடுத்த பாலிசிகள்கூட வேறு வேறாக இருக்கும். “என் நண்பருக்குப் பணம் வந்தது” என்ற பேச்சை நம்பி எடுக்க வேண்டாம். அவர் எந்தப் பகுதியைச் சேர்த்திருந்தார் என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் தரும் அறிவுரையையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சுவீடனில் 1920களிலேயே நாய்க் காப்பீடு தொடங்கிவிட்டது. இன்று அங்கே பெரும்பாலான நாய்களுக்குப் பாலிசி உண்டு. பிரிட்டனில் நாயின் ஆயுள் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே போகும் பாலிசிகள் கிடைக்கின்றன. சர்க்கரை நோய், தோல் ஒவ்வாமை போன்ற தீராத நோய்களுக்கும் அவை ஆண்டுதோறும் பணம் தருகின்றன. நம் நாட்டுத் திட்டங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. லண்டனில் இருக்கும் அக்கா சொல்வது அவருடைய நாய்க்குச் சரி. உங்கள் நாய்க்கு இங்குள்ள பாலிசித் தாளை வைத்துத்தான் பேச வேண்டும்.

பணம் வராத இடங்கள்

பாலிசி விளம்பரத்தில் கிடைப்பவை மட்டும் இருக்கும். கிடைக்காதவை பாலிசித் தாளின் பின்பக்கங்களில் இருக்கும். அந்தப் பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணி மருந்து, பல் சுத்தம், முடி வெட்டுதல் போன்ற வழக்கமான செலவுகள் பொதுவாகச் சேராது. கருத்தடை அறுவை, சினைக்கால, குட்டி ஈனும் செலவுகள், வாலையோ காதையோ அழகுக்காக வெட்டும் அறுவை ஆகியவையும் அப்படியே. பிறவிக் குறைகளும் பரம்பரை நோய்களும் பல பாலிசிகளில் விலக்கப்பட்டிருக்கும். இந்த ஒரு வரி சில இனங்களுக்குப் பெரிய இடி. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களுக்கு வரும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையைச் சார்ந்தது. பக் நாயின் மூச்சுத் திணறல் அதன் தட்டை முகத்தோடு பிறந்தது. வெள்ளை ராஜபாளையத்தில் சில குட்டிகளுக்குக் காணும் காது கேளாமை பிறவியிலேயே வருவது. உங்கள் நாயின் இனத்துக்கே உரிய நோயைப் பாலிசி விலக்கிவிட்டால் அதில் மிஞ்சுவது என்ன என்று பார்க்க வேண்டும்.

தடுப்பூசி போட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய நோய்கள் இன்னொரு விலக்கு. பார்வோ, டிஸ்டம்பர், லெப்டோ, வெறிநோய் ஆகியவை இதில் வரும். தடுப்பூசி அட்டை ஒழுங்காக இல்லாத நாய்க்கு இவற்றில் எது வந்தாலும் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். அட்டையில் தேதி, மருந்தின் ஸ்டிக்கர், மருத்துவரின் கையெழுத்து மூன்றும் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

நம் ஊரில் மிகப் பெரிய ஓட்டை ‘உள்நோயாளி’ என்ற சொல்லில் இருக்கிறது. சென்னையிலும் பிற ஊர்களிலும் நாய்களுக்கு அடிக்கடி வரும் கடும் நோய் உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா, பபீசியா ஆகிய கிருமிகளை உண்ணி பரப்புகிறது. நாய் சாப்பிடாது, காய்ச்சல் அடிக்கும், ஈறு வெளுக்கும், ரத்தத் தட்டணுக்கள் சரியும். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை ஏறக்குறைய 4 வாரம் கொடுக்கிறார்கள். நாயைத் தினமும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் டிரிப் ஏற்றி, மாலையில் வீட்டுக்குக் கூட்டி வருகிறோம். ரத்தப் பரிசோதனையும் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இவ்வளவு செலவும் பெரும்பாலும் புறநோயாளிக் கணக்கில் நடக்கிறது. சிறிய ஊர்களில் நாயை இரவு தங்கவைக்கும் வசதி உள்ள மருத்துவமனை மிகக் குறைவு. அடிப்படைப் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு உண்ணிக் காய்ச்சலில் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். “காலையில் சேர்த்து மாலையில் அனுப்பும் சிகிச்சைக்குப் பணம் தருவீர்களா?” என்ற கேள்விக்கு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சலில் பதில் வாங்காமல் பிரீமியம் கட்டாதீர்கள்.

கடைசி ஓட்டை வயது. பஜாஜ் அலையன்ஸ் திட்டம் அறிமுகமானபோது சிறிய, நடுத்தர, பெரிய இனங்கள் 7 வயதுக்குள் சேர வேண்டும், 10 வயதில் பாலிசி முடியும் என்று இருந்தது. கிரேட் டேன் போன்ற மிகப் பெரிய இனங்களுக்கு இவை 4, 6 என்று இருந்தன. சிறுநீரகக் கோளாறு, இதய வால்வுக் கோளாறு, புற்றுக்கட்டி, மூட்டுத் தேய்மானம் எல்லாம் பெரும்பாலும் முதுமையில் வருபவை. சிறிய இன நாய்கள் 13, 14 வயது வரை வாழ்வது சாதாரணம். செலவு கூடும் அந்தக் கடைசி ஆண்டுகளில் பாலிசி கையில் இருக்காது. முதுமைக்கான பணத்தை எப்படியும் நீங்களே சேர்த்தாக வேண்டும்.

உங்கள் நாய்க்கு என்ன வரலாம்

வயது, பால், இனம், வாழும் விதம் ஆகிய நான்கையும் எழுதிப் பாருங்கள்.

ஒரு வயதுக்குள் உள்ள குட்டிக்கு பார்வோ பயம் உண்டு. கண்டதை விழுங்குவதும் அப்போதுதான் அதிகம். மாங்கொட்டை, எலும்பு, காலுறை, பொம்மைத் துண்டு எது குடலில் சிக்கினாலும் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். மாடிப் படியிலிருந்து விழுவது, வண்டியில் அடிபடுவது எல்லாம் இளம் நாய்களின் ஆபத்துகள். அறுவை, உள்நோயாளிப் பகுதிகள் பயன்படும் வயது இது. எடுப்பதானால் இளமையிலேயே எடுக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். எந்த நோயும் மருத்துவக் குறிப்பில் ஏறாத வயதும் இதுவே என்பதால், ‘முன்பே இருந்த நோய்’ என்ற தடை பின்னாளில் வராது.

கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. பயோமெட்ரா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். சூடு வந்து சில வாரங்கள் கழித்து நாய் சோர்ந்து, நிறையத் தண்ணீர் குடித்து, வாந்தி எடுக்கும். உடனே அறுவை செய்யாவிட்டால் உயிர் போகும். கருப்பையையும் சினைப்பையையும் நேரத்தோடு நீக்கினால் இந்த ஆபத்து நீங்குகிறது. முதல் சூட்டுக்கு முன்போ, அதைத் தொடர்ந்து விரைவிலோ செய்தால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பும் பெரிதும் குறைகிறது. குட்டி எடுக்கும் எண்ணம் இல்லாதவர்கள் பாலிசிக்கு யோசிக்கும் முன் கருத்தடைக்கு யோசிக்கலாம். ஒருமுறை செய்யும் அந்தச் செலவு பல ஆண்டுப் பிரீமியத்தைவிட அதிகம் காக்கும்.

ஆழமான மார்புக்கூடு உள்ள பெரிய நாய்களுக்கு வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. சில மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் பிழைக்கும். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்ப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். நம் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் நாய்கள் பொதுவாக நம் வெயிலுக்கும் மண்ணுக்கும் பழகியவை. ஆனால் உண்ணிக்கும் பார்வோவுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் அவையும் தப்புவதில்லை. அவிழ்த்துவிட்டு வளர்க்கும் வேட்டையின நாய்க்கு எலும்பு முறியும் வாய்ப்பு வீட்டுக்குள் வளரும் நாயைவிட அதிகம்.

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்க்கும் பாலிசி கிடைக்கும். கலப்பினம், நாட்டு நாய் என்ற காரணத்துக்காகத் தனியார் திட்டங்கள் பொதுவாக மறுப்பதில்லை. பிறந்த தேதி தெரியாது என்றால் பல்லையும் உடல்வாகையும் பார்த்து மருத்துவர் தரும் வயதுச் சான்று வேண்டும்.

உங்கள் ஊரில் சிகிச்சை என்ன விலை

காப்பீடு தேவையா என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது நீங்கள் வாழும் இடம். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனையில் ஸ்கேன், அறுவை, சிறப்பு மருத்துவர்கள் எல்லாம் தனியாரைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கின்றன. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி முதலிய இடங்களிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. மாவட்டங்களில் அரசின் கால்நடை மருத்துவமனைகளும் மருந்தகங்களும் இருக்கின்றன. இவற்றுக்கு அருகில் வாழ்ந்து, வரிசையில் காத்திருக்க நேரமும் உள்ள குடும்பத்துக்குப் பெரிய செலவு என்பதே அபூர்வம். அவர்களுக்குக் காப்பீட்டின் தேவை குறைவு.

வேலை நேரம் ஒத்துவராதவர்கள், இரவில் ஏதாவது ஆனால் தனியார் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், வேறு கணக்குப் போட வேண்டும். உங்கள் வழக்கமான மருத்துவரிடம் மூன்று விலை கேளுங்கள். ஒன்று, பார்வோ வந்த குட்டிக்கு ஐந்து நாள் சிகிச்சை. இரண்டு, கால் எலும்பு முறிந்து பிளேட் வைக்கும் அறுவை. மூன்று, கருப்பைச் சீழுக்கோ குடலில் சிக்கிய பொருளுக்கோ செய்யும் அவசர அறுவை. இந்த மூன்று எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் பக்கத்திலேயே, கடன் வாங்காமல், நகை வைக்காமல், நாளைக் காலைக்குள் உங்களால் எடுக்கக்கூடிய தொகையை எழுதுங்கள். அது மூன்று எண்களையும்விடப் பெரிதாக இருந்தால் சிகிச்சைக்காகக் காப்பீடு வேண்டியதில்லை. சிறிதாக இருந்தால் தொடர்ந்து கணக்குப் போடலாம்.

கணக்குப் போடும் முறை

கணக்கைப் புரிந்துகொள்வதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். உங்களுக்கு நிறுவனம் தரும் எண்களை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுப் பிரீமியம் 6,000 ரூபாய். அறுவைக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் காப்பீட்டுத் தொகை 50,000. ஒவ்வொரு கிளெய்மிலும் நம் பங்கு 10 சதவீதம். இதை எடுக்காவிட்டால் அதே 6,000 ரூபாயை மாதம் 500 வீதம் ஆர்.டி.யில் போடுவோம். நாய் 7 ஆண்டு பாலிசியில் இருக்கிறது.

முதல் நிலை: ஏழு ஆண்டும் பெரிதாக ஒன்றும் வரவில்லை. பாலிசிக்குக் கட்டிய 42,000 ரூபாய் போய்விட்டது. ஆர்.டி.யாக இருந்தால் 42,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். நாயின் முதுமைக்கு அது அருமையான தொகை.

இரண்டாம் நிலை: ஒன்றரை ஆண்டில் நாய் வண்டியில் அடிபட்டு 45,000 ரூபாய் அறுவைச் செலவு. பாலிசி 40,500 தரும். நம் பங்கு 4,500. அதுவரை கட்டிய இரண்டு பிரீமியம் 12,000. மொத்தம் நம் கைச்செலவு 16,500. ஆர்.டி.யில் அப்போது 9,000 ரூபாய்தான் சேர்ந்திருக்கும். மீதி 36,000 ரூபாயை அன்றைக்கே தேட வேண்டும்.

மூன்றாம் நிலை: அறுவை எதுவும் இல்லை. இடையிடையே உண்ணிக் காய்ச்சல், காதுப் புண், தோல் அரிப்பு என்று 15,000 ரூபாய் செலவு. எல்லாம் புறநோயாளிச் சிகிச்சை. இந்தப் பாலிசி ஒன்றும் தராது. பிரீமியமும் போய், 15,000 ரூபாயும் கையிலிருந்து போகும்.

ஏழு ஆண்டுப் பிரீமியம் 42,000. ஓர் அறுவைக்குத் திரும்புவது 40,500. ஏழு ஆண்டில் ஒருமுறை இப்படி ஓர் அறுவை வந்தால் போட்டதும் எடுத்ததும் ஏறக்குறைய சமம். நிறுவனமும் தன் நிர்வாகச் செலவையும் லாபத்தையும் பிரீமியத்தில்தான் எடுக்கிறது. எல்லா நாய்களையும் சேர்த்துப் பார்த்தால் கட்டியதைவிடத் திரும்புவது குறைவாகத்தான் இருக்கும். ஆகவே பணம் சேர்க்கும் வழி என்று நினைத்துக் காப்பீடு எடுத்தால் ஏமாற்றம்தான். இரண்டாம் நிலையில் பார்த்த அந்த ஒரு நாளுக்காக எடுத்தால் அது தன் வேலையைச் செய்யும். பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, பிழைக்கக்கூடிய நாயைக் கைவிட நேர்வது எந்தக் குடும்பத்துக்கும் ஆறாத துயரம். அந்த நிலையைத் தவிர்ப்பதற்குத்தான் பிரீமியம்.

முதல் மூன்று ஆண்டு பாலிசியும் ஆர்.டி.யும் சேர்ந்தே ஓடட்டும். மாதம் 1,000 ரூபாய் போட முடிந்தால் மூன்று ஆண்டில் 36,000 ரூபாயும் வட்டியும் சேர்ந்துவிடும். அதன்பின் அந்தச் சேமிப்பே உங்களைக் காக்கும் அளவுக்கு வந்துவிட்டதா என்று பார்த்து, சிகிச்சைப் பாலிசியைத் தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்யலாம். ஒருமுறை விட்டுவிட்டு மறுபடி சேர்ந்தால் இடையில் வந்த நோய்கள் எல்லாம் ‘முன்பே இருந்தவை’ ஆகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாம் நபர் பொறுப்பு

இந்தப் பகுதிக்கு மட்டும் என் அளவுகோல் வேறு. நாயின் சிகிச்சைச் செலவுக்கு ஓர் எல்லை உண்டு. உங்கள் நாய் ஒரு குழந்தையின் முகத்தில் கடித்தால் வரும் செலவுக்கு எல்லை சொல்ல முடியாது. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துப் படுகாயப்படுத்தின. தலையில் அறுவை சிகிச்சை வரை போன அந்தச் செய்தியைத் தமிழ்நாடே பார்த்தது. வளர்க்கும் விலங்கைக் கவனக்குறைவாக விடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சிறைக்கும் அபராதத்துக்கும் எந்தக் காப்பீடும் நிற்காது. காயப்பட்டவருக்கு நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டுக்கு அது நிற்கும்.

பெரிய, வலுவான நாய் வைத்திருப்பவர்களும், லிஃப்ட்டையும் படிக்கட்டையும் பலர் பகிரும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ப்பவர்களும் இந்தப் பகுதியைச் சேர்த்துக்கொள்வது நல்லது. நாய்க்குக் கழுத்துப்பட்டையும் கயிறும், தேவைப்பட்டால் வாய்க்கூடும் இல்லாமல் வெளியே கொண்டுபோனால் நிறுவனம் பொறுப்பை மறுக்க முடியுமா என்று கேளுங்கள். சில இனங்களை இந்தப் பகுதியிலிருந்து முற்றாக விலக்கியிருப்பார்கள். அதையும் பாருங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. எந்த வயது வரை புதுப்பிக்கலாம்?
2. காத்திருப்புக் காலம் எத்தனை நாள்? விபத்துக்கும் அதே காலமா?
3. பகல்நேரச் சிகிச்சை உள்நோயாளிக் கணக்கில் சேருமா?
4. எந்தெந்த நோய்கள் பரம்பரை நோய்ப் பட்டியலில் இருக்கின்றன? என் நாயின் இனத்துக்குத் தனி விலக்கு உண்டா?
5. ஒவ்வொரு கிளெய்மிலும் என் பங்கு எவ்வளவு? ஒரு நோய்க்கென்று தனி உச்சவரம்பு உண்டா?
6. கேஷ்லெஸ் வசதி என் ஊர் மருத்துவமனையில் இருக்கிறதா? இல்லையென்றால் முழுப் பணத்தையும் நானே கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டுமா?
7. அரசுக் கால்நடை மருத்துவமனையின் சீட்டு ஏற்கப்படுமா?
8. மைக்ரோசிப் கட்டாயமா?

ஆறாவது கேள்வி முக்கியமானது. கேஷ்லெஸ் இல்லாத பாலிசியில் முதலில் பணம் கட்டுவது நீங்கள்தான். நிறுவனம் தருவது பிறகு. ஆகவே பாலிசி இருந்தாலும் அவசரத்துக்குக் கொஞ்சம் ரொக்கமோ கிரெடிட் கார்டில் இடமோ வைத்திருக்க வேண்டும்.

மைக்ரோசிப்பைப் பொறுத்தவரை, பாலிசி கேட்டாலும் கேட்காவிட்டாலும் போட்டுவிடுங்கள். அரிசி மணி அளவுள்ள அந்தச் சிப்பில் 15 இலக்க எண் இருக்கும். பாலிசியில் உள்ள நாயும் சிகிச்சை பெற்ற நாயும் ஒன்றே என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

கிளெய்ம் கெடாமல் இருக்க

நோய் தெரிந்த அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். சிகிச்சை தருபவர் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் சீட்டிலும் நாயின் பெயர், உங்கள் பெயர், தேதி, நோயின் பெயர், மருத்துவரின் பதிவு எண், முத்திரை இருக்கட்டும். ‘மருந்து’ என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டை நிறுவனம் ஏற்காது. பரிசோதனை முடிவுகள், எக்ஸ்-ரே படம், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். பாலிசி எடுக்கும்போது நாய்க்கு முன்பு வந்த நோயை மறைக்காதீர்கள். பழைய சீட்டு ஒன்று வெளியே வந்தால் பாலிசியே செல்லாமல் போகலாம்.

நாய் இறந்துவிட்டால் துயரத்தில் உடனே புதைத்துவிடத் தோன்றும். இறப்புத் தொகைக்கான பாலிசி இருந்தால், புதைக்கும் முன் நிறுவனத்துக்குச் சொல்லி, மருத்துவரின் இறப்புச் சான்றையும் கேட்டால் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் வாங்க வேண்டும்.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்று அதில் இருக்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும், ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் புகார் பதியலாம்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

நான்கு மாத லாப்ரடார் குட்டி, நகரத்து அடுக்குமாடி வீடு, ஒரே சம்பளம், கையிருப்பு குறைவு: எடுங்கள். அறுவை, உள்நோயாளி, மூன்றாம் நபர் பொறுப்பு மூன்றும் போதும். கூடவே ஆர்.டி. தொடங்குங்கள்.

தோட்டத்து வீட்டில் வளரும் ராஜபாளையம், அருகில் நல்ல அரசுக் கால்நடை மருத்துவமனை: சிகிச்சைப் பாலிசி தேவையில்லை. வேலியைச் சரிசெய்து, தடுப்பூசியைத் தவறாமல் போட்டு, பிரீமியப் பணத்தைச் சேருங்கள். நாய் வெளியாட்களிடம் சீறும் குணம் உள்ளது என்றால் பொறுப்புக் காப்பீடு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

எட்டு வயது ஸ்பிட்ஸ்: புதிதாகச் சேர்க்க நிறுவனங்கள் தயங்கும் வயது. அந்தப் பணத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் செய்யுங்கள். முன்கூட்டிக் கண்டுபிடிப்பதே அந்த வயதில் பெரிய காப்பு.

கருத்தடை செய்யாத பெண் நாய்: முதலில் கருத்தடை. பாலிசியை அதன் பிறகு பாருங்கள்.

ஒரு லட்சம் ரூபாயைத் தயங்காமல் எடுக்கக்கூடிய குடும்பம்: சிகிச்சைக்குப் பாலிசி வேண்டாம். நாய் பெரிதானால் பொறுப்புக் காப்பீட்டை மட்டும் எடுங்கள்.

எந்த வகையில் நீங்கள் வந்தாலும் மூன்று காரியங்களுக்கு விலக்கில்லை: தடுப்பூசி அட்டை, மாதந்தோறும் உண்ணித் தடுப்பு, நாயின் பெயரில் ஒரு சேமிப்பு. இவை இருக்கும் வீட்டில் பாலிசி ஒரு கூடுதல் பலம். இவை இல்லாத வீட்டில் எந்தப் பாலிசியும் நாயைக் காப்பாற்றாது. உங்கள் மருத்துவரிடம் அந்த மூன்று விலைகளையும் இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிவெடுக்க அதுவே முதல் படி.